கழுவாத காசு

கரிசல் மண்ணை நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அது பசை போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். லேசாகச் சுண்ணாம்புக் காரல் ஒன்று வரும். அதற்கும் பின்னால், அவித்த பயறு மாதிரி ஓர் இனிப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். அந்த இனிப்பு வரும்வரை துப்பாமல் இருக்க வேண்டும் என்பார் அப்பா. ஒரு சிட்டிகை மண்ணை விரலால் நசுக்கி, நாக்கு நுனியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "இது கோயில் புஞ்சை", "இது தெக்குக் காட்டு மேட்டு மண்ணு" என்று அவர் சொன்னால் அநேகமாகச் சரியாகவே இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று தன் பிறந்த வீட்டு முற்றத்து மண்ணையும் நக்கிப் பார்த்த மனுசன் என்று அம்மா கேலி செய்வாள். அப்பா மறுத்ததில்லை.

அவருக்கு அது தொழிலோடு வந்த பழக்கம். கோவில்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊரில் எங்களுக்கு ஆடுகள்தான் பிழைப்பு. அறுப்பு முடிந்த புஞ்சைகளில் எருவுக்காக ஆடுகளை அடைத்துப் போடுவதை "கிடை" என்பார்கள். கிடை போட்டுப் போட்டு, பசுவந்தனை தொடங்கி பாஞ்சாலங்குறிச்சிவரை அவர் கால் படாத புஞ்சை இல்லை. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கையை விட்டால் முழங்கைவரை போகும். மழை விழுந்ததும் மண் பொம்மி உப்பி, உள்ளே கிடந்ததை எல்லாம் மேலே தள்ளிவிடும். வளையல் துண்டு, ஈயக்குண்டு, செப்புக்காசு. எப்போதாவது, எத்தனையோ வருடத்துக்கு ஒரு முறை, துவரம்பருப்பு அளவில் ஒரு தங்கக் காசு.

அப்பா அப்படி இரண்டைத் தானே கண்டெடுத்திருந்தார். மற்றதெல்லாம் கீதாரிகளிடமிருந்து வந்தது. மந்தையோடு ஊர் ஊராகப் போகிற ஆட்டுக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர்தான். யார் கையில் கிடைத்தாலும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அப்பா ஒரு குட்டியைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்வார். அம்மாவும் அக்காவும் வீட்டில் தீப்பெட்டி ஒட்டினார்கள் என்பதால் காலிப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. ஒரு காசுக்கு ஒரு தீப்பெட்டி. எந்தப் புஞ்சையில் கிடைத்தது என்று அப்பா சொல்ல, மேலே பென்சிலால் எழுதுவது என் வேலை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

அப்பாவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. காசைக் கழுவாமல் கொண்டுவர வேண்டும். ஒரு தடவை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் பளபளவென்று துலக்கிய காசொன்றைக் காட்டி அவரை ஏமாற்றப் பார்த்திருக்கிறான். கூட இருந்த சுப்பையா மாமா தடுத்ததால் தப்பினார். அன்றிலிருந்து, மினுங்குகிற காசு எதுவானாலும் அப்பா கையால் தொடமாட்டார். "மண்ணோட கொண்டா. காசு என்னத்தையும் சொல்லும். மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார். காசில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண்ணை நகத்தால் துளி சுரண்டி நாக்கில் வைப்பார். கொண்டுவந்தவன் சொன்ன புஞ்சையும் நாக்கு சொன்ன புஞ்சையும் ஒன்றானால் குட்டி கைமாறும்.

சுப்பையா மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் ஓடைப்புஞ்சைக்கு அடுத்த புஞ்சை அவருடையது. சிரிக்காமல் கேலி பேசுகிற ஆள். ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மச்சான், பாத்துக்கிட்டே இருங்க. ஒருநா எவனாவது பித்தளைல மண்ணைத் தேச்சிக் கொண்டாந்து ஒங்க தலைல கட்டத்தான் போறான்" என்றார். அப்பாவே சிரித்தார். அம்மா சோற்றுக் கரண்டியோடு சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. அக்காவுக்குப் பசுவந்தனையில் மாப்பிள்ளை பார்த்து முடிவானது. அந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. ஒட்டுகிற தீப்பெட்டிகளின் எண்ணிக்கை கூடியதில் தெரிந்தது. பெண்ணுக்குக் காசுமாலை போடுகிறேன் என்று அப்பா அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னொன்று, நாலுவழிச் சாலை. அளவுக்கல் நட்டுக்கொண்டே வந்தவர்கள் எங்கள் ஓடைப்புஞ்சையின் நடுவில் நட்டார்கள். தாத்தா காலத்து நிலம் முழுசாகச் சாலைக்குள் போனது. சர்க்கார் கொடுத்ததை வாங்கி அப்பா அத்தனைக்கும் ஆடு பிடித்துவிட்டார். "நிலம் போச்சுன்னு நெனைக்காதீங்க. நாலு காலோட நடந்து வருதுன்னு நெனைங்க" என்று அம்மாவைத் தேற்றினாரே ஒழிய, சாயங்காலமானால் அவர் மட்டும் போய் அந்த வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

மெசின்கள் வருவதற்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலையில், மோட்டார் சைக்கிளில் ஒரு அண்ணன் வந்தார். சாலைக்கு மண் பரிசோதனை செய்கிற ஆள் என்றார். கண்ணாடி போட்டிருந்தார், பையில் பிளாஸ்டிக் கவர்கள் வைத்திருந்தார். நான் ஓடைப்புஞ்சையில் ஆட்டுக்கு இலந்தைக் கொப்பு வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "இதுல எந்த எடத்து மண்ணு நல்ல மண்ணு பாப்பா?" என்று கேட்டார். என்னிடம் அப்படி யாரும் எதையும் கேட்டதில்லை. ஓடையோரம் கூட்டிப் போனேன். இங்கனதான் இனிப்பு ஜாஸ்தி என்றேன். எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டே புஞ்சை பேர் சொல்லிவிடுவார் என்றேன். கழுவாத காசைப் பற்றியும் சொன்னேன். மெனக்கெட்டு, ஒன்றுவிடாமல், கர்வத்தோடு சொன்னேன். அவர் குனிந்து அள்ளப் போனபோது, "நீங்க அள்ளாதீங்க, கல்லு வந்திரும்" என்று சொல்லி, மேல்மண்ணாகப் பார்த்து என் இரண்டு கையாலும் அள்ளிக் கவரை நிரப்பிக் கொடுத்தேன்.

அதற்குக் கூலியாக அவர் நாலு கலர் பேனா ஒன்றைத் தந்தார். நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என்று நாலு விசை; அமுக்கினால் "டிக்" என்று முனை வரும். எங்கள் வகுப்பில் ஒருத்தியிடம்தான் அது இருந்தது. முன்பின் தெரியாத ஆளிடம் வாங்கினேன் என்றால் அம்மா முதுகில் வைப்பாள் என்பதால், பள்ளிக்கூடத்தில் கிடந்து எடுத்தேன் என்று பொய் சொன்னேன். அது அவ்வளவு சின்னப் பொய்.

தை கழிந்து மெசின் வந்தது. கரிசலில் சாலை நிற்காதாம். ஆளுயரத்துக்கு வெட்டி எடுத்து லாரி லாரியாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, குழியில் சரளை மண்ணை நிரப்பினார்கள். மாசி மாதம் ஒரு நடுத்தர வயதுக்காரரும் அவர் சம்சாரமும் எங்கள் வீடு தேடி வந்தார்கள். அந்த ஆள் மெசினோடு வேலை செய்பவராம். வெட்டும்போது ஒரு சின்னக் கலயம் உடைந்து வந்ததாம். வெளியே சொன்னால் தாலுகா ஆபீசில் பிடுங்கிக்கொள்வார்கள். நிலத்துக்காரர் நீங்கள்தான் என்றார்கள், அதனால் உங்களிடமே வந்தோம் என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துணி முடிச்சை அவிழ்த்தாள். இருபத்தொரு காசு. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அகலம். எல்லாவற்றிலும் கறுப்பு மண் அப்பிக் காய்ந்து கெட்டியாக இருந்தது. இடையிடையே மஞ்சள் தெரிந்தது.

அப்பா ஒன்றை எடுத்தார். சுரண்டினார். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார். கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது.

"நம்ம ஓடைப்புஞ்சைல்லா இது" என்றார். "எங்க ஐயா மண்ணு."

அந்த நொடியில் எனக்குள் என்னவோ ஒன்று திடுக்கென்றது உண்மை. பிளாஸ்டிக் கவர் கண்ணுக்குள் வந்து போனது. ஆனால் மெசின் வெட்டியது அந்த இடம்தானே, அங்கிருந்து வந்தால் அந்த மண்தானே ஒட்டியிருக்கும் என்று அந்த வயசுக்கு எனக்கே நான் பதில் சொல்லிக்கொண்டேன். அப்பா சந்தோசமாக இருந்தார். அந்தச் சந்தோசத்தில் கையை விட யாருக்குத் தைரியம் வரும்?

அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து வந்து சொன்னாள். "ஒத்தக் காசையாவது ஆசாரிகிட்ட ஒரசிப் பாத்துட்டு வாங்களேன்."

"ஒரசணும்னா கழுவணும். கழுவிட்டா பொறகு இது யாரு மண்ணுன்னு எவன் சொல்லுவான்?" என்று அப்பா கோபப்பட்டார். "போன நிலம் திரும்பி வந்திருக்கு. அதைச் சந்தேகப்படச் சொல்லுதியா?"

எட்டயபுரம் சந்தைக்கு ஆடுகள் போயின. நிலத்துக்கு வந்த பணத்தில் வாங்கிய ஆடுகள் அத்தனையும், அதற்கு முன்பே இருந்ததில் முக்கால்வாசியும். கிழட்டு ஆடுகள் பன்னிரண்டு மட்டும் மிஞ்சின. இந்த மாதிரிக் காரியமெல்லாம் இருட்டில் நடக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். உச்சி வெயிலில், உடைமரத்தடியில், அந்தப் பெண் பணத்தை எண்ணி முடிந்துகொண்டு, எங்கள் வீட்டு மோரை வாங்கிக் குடித்துவிட்டு, அக்கா தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டுப் போனாள்.

அன்றைக்கு இருபத்தொரு தீப்பெட்டி தேவைப்பட்டது. எல்லாவற்றிலும் ஒரே பெயர். பென்சில் வேண்டாம் என்று, நாலு கலர் பேனாவின் பச்சையை அமுக்கி, "ஓடைப்புஞ்சை" என்று இருபத்தொரு தடவை எழுதினேன். எழுத்தைப் படிக்கத் தெரியாத அப்பா ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, "நல்லாருக்குட்டி" என்றார்.

கல்யாணம் வைகாசியில். மாலை கோக்க ஆசாரியிடம் கொடுப்பதற்காகச் சித்திரையில் காசுகளைக் கழுவினோம். அப்பா ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். "இது மண்ணோடயே இருக்கட்டும். நெலத்து ஞாபகத்துக்கு" என்றார். அக்காவும் நானும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். சட்டித் தண்ணீர் மைபோல் கறுத்தது. உள்ளேயிருந்து காசுகள் மஞ்சளாக எழுந்து வந்தன. அக்கா ஒன்றைக் கழுத்தில் வைத்து, என்னிடம் "எப்படி இருக்குட்டி?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

கோவில்பட்டியில் ஆசாரி ஒரு சந்துக்குள் இருந்தார். அப்பா, அக்கா, நான் மூவரும் போயிருந்தோம். அவர் ஒரு காசை எடுத்தார். இரண்டாவதை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு பார்த்தார். உரைகல்லை அவர் தொடவே இல்லை.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க" என்று மெல்லக் கூப்பிட்டார். காசில் நின்ற சாமியின் இடது காலில் ஒரு சின்னக் கீறல். அடுத்த காசிலும் அதே காலில் அதே கீறல். இருபதிலும் இருந்தது. "நூறு கை மாறுன காசு நூறு விதமாத் தேஞ்சிருக்கும். இது ஒரே அச்சுல ஊத்துனது." பிறகு, நம்பிக்கை வருவதற்காக, ஒரு காசின் ஓரத்தை அரத்தால் ராவி ஒரு சொட்டு திராவகம் விட்டார். பச்சையாக நுரைத்தது. நான் எழுதிய அதே பச்சை. "கழுவுறதுக்கு முன்னாடி இந்தக் கீறலு மண்ணுக்குள்ள மறஞ்சிருக்கும் அண்ணாச்சி. அதான் ஒங்களுக்குத் தெரியல" என்று அவர் ஆறுதல் போலச் சொன்னார். அந்தச் சந்தில் நின்றிருந்த எனக்கு எல்லாம் தெளிவாகப் புரிந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது அப்பா மடியில் பையை வைத்து, பிள்ளையைப் பிடித்திருப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

சாலைக்காரர்களின் முகாமில் போய்க் கேட்டதற்கு அப்படி ஒரு ஆளே வேலையில் இல்லை என்றார்கள். பசுவந்தனைக்காரர்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். பொறகு பார்ப்போம் என்று எழுந்து போனார்கள். பொறகு பார்க்கவில்லை. அக்கா மறுநாளும் பசைச் சட்டியோடு உட்கார்ந்து, எப்போதும்போலத் தீப்பெட்டி ஒட்டினாள். ஐந்து வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகள் இருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாகச் சிவகாசிக்குப் போனாள்.

ஆடு போனதைக்கூட அப்பா தாங்கிக்கொண்டார். அவரை அரித்தது வேறு. வீட்டுக்கு வந்த அன்றே, கழுவிய சட்டியின் அடியில் படிந்திருந்த வண்டலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "மண்ணு நம்ம மண்ணுதான்" என்றார். "இந்த மண்ணு அவனுக்கு எங்கன கெடைச்சுது?" லாரி லாரியாகக் கொட்டிக் கிடக்கிறதே என்று ஊரில் சொன்னார்கள். அப்பா தலையை ஆட்டினார். "இது ஓடையோரத்து மேல்மண்ணு. மெசின் வெட்டியிருந்தா அடிமண்ணு கலந்திருக்கும். கல்லு இருக்கும். இது யாரோ கையால பாத்துப் பாத்து அள்ளிக் கொடுத்த மண்ணு. நம்ம புஞ்சையத் தெரிஞ்ச ஆளு."

அவர் கண் என் மேல் படவே இல்லை. அவர் நினைப்பு, சோற்றுத் தட்டின் முன்னால் சிரித்த அந்த நாளில் போய் நின்றது. பித்தளையில் மண்ணைத் தேய்த்துக் கொண்டுவருவான் என்று யார் சொன்னது? பக்கத்துப் புஞ்சை யாருடையது? மறுநாள் காலையில், தெருவே பார்க்க, சுப்பையா மாமாவின் வாசலில் நின்று அப்பா கேட்டார். மாமா முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதுமானதாக இருந்தது.

"நானா மச்சான்? ஏக்கா, நீயாவது சொல்லு. நானா?" என்று அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டது எனக்குக் கேட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நான் நின்றேன். என் பாவாடைப் பையில் அந்தப் பேனா இருந்தது. ஒரு வார்த்தை. "நான்தாம்ப்பா." அது வாய்வரை வந்தது. அடிக்குப் பயந்தேனா, அப்பாவின் முகத்துக்குப் பயந்தேனா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்த நாளை வரவே இல்லை. மாமா வீட்டுப் பேச்சு அறுந்தது. அம்மா தன் தம்பி வீட்டைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் தெற்கே திருப்பிக்கொண்டு போகப் பழகினாள். நான் கல்லூரியில் படிக்கும்போது மாமா இறந்தார். அப்பா வீட்டைவிட்டு நகரவில்லை. அம்மா மட்டும் போய்த் தெருமுனையில் நின்று அழுதுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். அதற்கு நாலு வருடத்துக்குப் பிறகு அப்பாவும் போனார். கழுவாத அந்த ஒற்றைக் காசை அவர் கடைசிவரை யாரையும் உரச விடவில்லை. அது ஒன்றாவது அசலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

போன வருடம் சிவகாசிக்குப் போயிருந்தபோது, எப்படியோ துணிந்து, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்ட்டி" என்றாள். "அந்த ஆளு மண்ணுக் கவரோட மோட்டார் சைக்கிள்ல போனதையும் பாத்தேன். மறுநா ஒன் பையில பேனாவையும் பாத்தேன்."

"பொறவு ஏங்க்கா சொல்லல?"

"மொதல்ல சின்னப்பிள்ளைன்னு விட்டேன். அப்பா கொன்னுருவாவன்னு பயம். பொறவு நீயும் பெரிய மனுசியாயிட்டே. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்." தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "மாமா செத்த அன்னைக்காவது சொல்லுவேன்னு நெனச்சேன்."

அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது செல்பேசியைத் திறந்தால் பழங்காசு விற்பனை என்று படம் படமாக வருகிறது. நேற்று ஒன்றில் காசு மண்ணோடு இருந்தது. மண்ணிலிருந்து எடுத்தபடியே, கழுவாதது என்று பெருமையாகப் போட்டிருந்தான். வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். ஓடைப்புஞ்சை இருந்த இடத்தை நாலுவழிச் சாலையில் பஸ் கண் இமைப்பதற்குள் கடந்துவிடுகிறது. ஓடையும் இல்லை, வரப்பும் இல்லை, அந்த மண் எந்தப் பள்ளத்தை மூடிக் கிடக்கிறதோ தெரியாது. மிச்சம் இருப்பது என் அலமாரியில் ஒரு தீப்பெட்டிக்குள், ஒரு பித்தளைக் காசில் ஒட்டிக்கொண்டிருக்கிற சிட்டிகை மண்தான். பச்சை மை மங்கிப் போய், "ஓடை" மட்டும் படிக்க முடிகிறது.

அம்மா கோவில்பட்டியில் என்னோடுதான் இருக்கிறாள். நான் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து பக்கத்தில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு இருந்தவள், சற்றுமுன் கேட்டாள்.

"என்னட்டி இம்புட்டு நேரமா எழுதுத?"

"ஓடைப்புஞ்சையப் பத்திம்மா."

"நல்ல மண்ணுல்லா அது" என்றாள். ஒரு வெற்றிலையைத் தொடையில் துடைத்தாள். "சுப்பையாவையும் எழுதுதியோ?"

"ஆமாம்மா."

"அவனை ரொம்பத் திட்டி எழுதிராதட்டி. என்ன செஞ்சிருந்தாலும் எங்கூடப் பொறந்தவன்."

சரிம்மா என்றேன்.